எலாஸ்டிக் கயிறும் கயிறுதானா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய பள்ளி அணி வெக்ஸ் வி5 ரோபாட்டிக்ஸ் போட்டிக்குத் தயாராகிறது. ரோபோவின் கை எளிதாக மேலே எழும்ப, தையல் சாமான் கடையில் வாங்கிய எலாஸ்டிக் கயிற்றைக் கட்டியிருக்கிறார்கள். ரப்பர் பேண்டுக்குத்தான் கட்டுப்பாடாம், கயிறு எவ்வளவு வேண்டுமானாலும் போடலாமாம். "எலாஸ்டிக் கயிறும் கயிறுதானே அம்மா" என்கிறாள். போட்டிக்கு முன் நடக்கும் ரோபோ பரிசோதனையில் நிறுத்திவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.
– ஒரு வாசகி, கோவை

பதில்: சொல்லை மட்டும் பார்த்தால் உங்கள் மகள் பக்கம் நியாயம் இருக்கிறது. கால் அங்குலத்துக்கு, அதாவது 6.35 மி.மீ.க்கு மேல் தடிக்காத கயிற்றை எவ்வளவு போடலாம் என்பதற்கு வெக்ஸ் விதியில் கட்டுப்பாடு கிடையாது. ஆனாலும் அதைக் கழற்றிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

காரணம் ரப்பர் பேண்டு விதி. வெக்ஸ் நிறுவனம் தருகிற ரப்பர் பேண்டின் நீளமும் தடிமனும் எவ்வளவோ, அதே அளவில் உள்ளதைத்தான் போடலாம். இழுத்துக் கட்டிய ரப்பர், மோட்டாருக்கு மேல் கூடுதல் பலம் தருகிறது. அந்தப் பலம் எல்லா அணிக்கும் ஒரே மாதிரிப் பொருளிலிருந்து வரட்டும் என்பதே அதன் நோக்கம் என்று நான் படிக்கிறேன். எலாஸ்டிக்கைக் 'கயிறு' என்று ஏற்றுக்கொண்டால் அந்த விதிக்கு வேலையே இல்லாமல் போகும். ஒரு வரிக்கு நாம் சொல்கிற பொருள் பக்கத்து வரியைச் செல்லாததாக்கினால், நம் பொருளில்தான் கோளாறு.

இன்னொன்றும் உண்டு. விதியில் சொல்லாமல் விட்டதற்கு ஒவ்வொரு போட்டியிலும் ஒவ்வொரு அர்த்தம். லெகோ லீக் என்ற இன்னொரு ரோபோ போட்டியில் ஆடிவிட்டு வரும் பிள்ளைகள் 'குறிப்பிடாத விவரம் பொருட்டில்லை' என்ற விதிக்குப் பழகியிருப்பார்கள். நடுவருக்கே முடிவு சொல்ல முடியாத இடத்தில் சந்தேகத்தின் பலனை அணிக்கே தருகிற வழக்கமும் அங்கே இருந்தது. வெக்ஸில் அப்படி இல்லை. அதிகாரபூர்வ பாகங்கள், அவை தவிர விதி பெயர் சொல்லி அனுமதித்தவை, அவ்வளவுதான். எனவே 'கூடாது என்று எங்கே இருக்கிறது?' என்று கேட்காமல், 'கூடும் என்று எங்கே இருக்கிறது?' என்று தேடச் சொல்லுங்கள்.

இது என் வாசிப்புதான், தீர்ப்பு இல்லை. தீர்ப்பு வேண்டுமென்றால் போட்டியின் அதிகாரபூர்வ கேள்வி-பதில் பகுதி இருக்கிறது. அங்கே வரும் பதிலுக்குப் போட்டியின் விதிக் கையேட்டின் மதிப்பே உண்டு. முன்பே யாராவது இதைக் கேட்டிருக்கலாம், முதலில் தேடிப் பார்க்கட்டும். இல்லையென்றால் பொருள், தடிமன், எதற்காகக் கட்டுகிறோம் என்று சுருக்கமாகக் கேட்கலாம். கையேடு சீசன் நடுவிலும் திருத்தப்படும், அதனால் கடைசிப் பதிப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 'சீனியர் அணி போன வருடம் போட்டது' என்பது சான்று ஆகாது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: ரோபோவில் வெட்டிப் பொருத்தும் பிளாஸ்டிக் ஷீட். பெயர்ப்பலகைக் கடையில் கிடைக்கும் கண்ணாடி போன்ற ஷீட் பெரும்பாலும் அக்ரிலிக். உடைந்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும் என்பதால் அது கூடவே கூடாது. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் பார்க்க அப்படியே இருக்கும், அதற்கு அனுமதி உண்டு. தடிமன் 0.070 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. வாங்கும்போது பிளாஸ்டிக்கின் பெயர் எழுதிய பில் கேட்டு வாங்குங்கள்.

பரிசோதனை மேசையில் உங்கள் மகளே பேசட்டும். விதி எண்ணையும் கேள்வி-பதிலில் வந்த விடையையும் அச்செடுத்துக் கொடுத்தனுப்புங்கள். அளவு சரியான ரப்பர் பேண்டு ஒரு பொட்டலமும் பையில் இருக்கட்டும். எலாஸ்டிக் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அங்கேயே மாற்றிக் கட்டி, மறுபடி பரிசோதனைக்கு நிற்கலாம்.