நைஜீரியா கச்சா எண்ணெயை விட்டால் எதை விற்கும்? கேள்வி பதில்

கேள்வி: எண்ணெய் வருவதற்கு முன் நைஜீரியா எதை ஏற்றுமதி செய்தது?

வடக்கே நிலக்கடலை, மேற்கே கோகோ, கிழக்கே பாமாயில். கானோ நகரில் கடலை மூட்டைகளைப் பிரமிடு போல அடுக்கி வைத்திருப்பார்கள். 1956-ல் தெற்கே ஒலோய்பிரியில் எண்ணெய் கிடைத்தது, 1958-ல் ஏற்றுமதி தொடங்கியது.

கேள்வி: அந்த விவசாயம் ஏன் படுத்தது? சோம்பேறித்தனமா?

தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். 70-களில் எண்ணெய் டாலர் கொட்டியது, நாட்டு நாணயமான நைராவின் மதிப்பு உயர்ந்தே இருந்தது. கோகோவை உலகச் சந்தையில் டாலரில் விற்றாலும் விவசாயி கைக்கு வருவது நைரா. ஒரு டாலருக்குக் கிடைக்கும் நைரா குறைவு என்பதால் அந்தத் தொகை சுருங்கியது, கூலியோ ஏறியது. வடக்கில் வறட்சியும் பயிர் நோயும் கடலையை அடித்தன. அதே காலத்தில் எண்ணெய் விற்ற இந்தோனேசியா 1978-ல் ரூபியாவின் மதிப்பைக் குறைத்தது, எண்ணெய்ப் பணத்தில் உர ஆலைகள் கட்டியது. பின்னாளில் ஆடையும் பிளைவுட்டும் அங்கிருந்து கப்பலேறின. விதி என்று எதுவும் இல்லை, கொள்கைதான் காரணம்.

கேள்வி: எண்ணெய் அல்லாத ஏற்றுமதியின் பங்கு கூடினால் நல்ல செய்திதானே?

சதவீதத்தை நம்பாதீர்கள். எண்ணெய் விலை சரிந்தாலே மற்றவற்றின் பங்கு தானாகக் கூடும். எத்தனை டன், எத்தனை டாலர் என்று பாருங்கள்.

கேள்வி: 2023 ஜூனில் நைராவைச் சந்தை விலைக்கு விட்டார்கள். இனி ஏற்றுமதி ஏறுமா?

அது மட்டும் போதாது. லாகோஸின் அபாப்பா துறைமுகச் சாலையில் லாரிகள் நாள்கணக்கில் நின்ற கதை ஊரறிந்தது. மின்சாரத்தை நம்ப முடியாமல் பல ஆலைகள் டீசல் ஜெனரேட்டரில் ஓடுகின்றன. பூச்சிமருந்து எச்சம் அதிகம் என்று 2015-ல் ஐரோப்பிய ஒன்றியம் நைஜீரியாவின் உலர் பயறுக்குத் தடை போட்டது. நாணய மதிப்பு இறங்கினால் அந்தத் தடை நீங்கிவிடுமா?

இந்தக் கேள்வி கேட்ட அதே நண்பர்: முதலில் நாணயம்தான் காரணம் என்றீர்கள், இப்போது மாற்றுகிறீர்களே?

மாற்றவில்லை. நாணயம் அளவுக்கு மீறி வலுத்தால் ஏற்றுமதி சாகும். இளைத்தால் பிழைக்க வாய்ப்பு வரும், அவ்வளவுதான். மூலப்பொருளையும் இயந்திரத்தையும் இறக்குமதி செய்யும் ஆலைக்கு இளைத்த நைரா செலவையும் ஏற்றும்.

அதே நண்பர்: அப்போ இறக்குமதியைத் தடுக்கலாமே?

அதையும் செய்து பார்த்தார்கள். 2019 ஆகஸ்டில் தரை எல்லைகளை மூடி, 2020 டிசம்பரில்தான் திறக்கத் தொடங்கினார்கள். அரிசி விலை ஏறியது. சாலை வழியாக கானாவுக்குச் சரக்கு அனுப்பிய நைஜீரிய ஆலைகளே சிக்கிக்கொண்டன.

கேள்வி: லாகோஸ் அருகே டாங்கோட்டே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்துவிட்டதே?

எரிபொருள் இறக்குமதி குறையும், நல்லது. விற்பது இன்னும் எண்ணெய்தான்.

கேள்வி: எண்ணெய் அல்லாத ஏற்றுமதி எத்தனை சதவீதம்?

மேலே சொல்லிவிட்டேன். சதவீதத்தை விடுங்கள்.

கேள்வி: பண்ருட்டிக்கு நைஜீரிய முந்திரி இறக்க என்ன உரிமம் வேண்டும்?

சுங்க முகவரைக் கேளுங்கள், என் துறை அல்ல. ஆனால் உங்கள் தொழிலே என் கவலை. அங்கே விளையும் கொட்டையில் பெரும்பகுதி உடைக்காமலே இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் வருகிறது. உடைக்கும் கூலியும் பருப்பின் லாபமும் நைஜீரியாவில் தங்குவதில்லை. எண்ணெயை மட்டும் நம்பாமல் ஏற்றுமதியைப் பரவலாக்குவதை அங்கிருந்து தொடங்கலாம்.