எம்பிஏ கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன்

வணிகவியல் இறுதியாண்டு படிக்கும் மகள் நிவாரணப் பொருள் அனுப்பும் வேலைக்குப் போகிறேன் என்கிறாள். அவளுடைய பெரியப்பாவோ, தானியம் போன்ற சரக்கு வர்த்தகத்தில்தான் பணம், ஜெனீவாவுக்கு அனுப்பி எம்பிஏ படிக்க வையுங்கள் என்று வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பது வரை பேசிவிட்டார். "மூட்டை எண்ணவா பொண்ணைப் படிக்க வச்சோம்?" என்றும் கேட்டிருக்கிறார். உங்கள் தூக்கம் ஏன் போனது என்று புரிகிறது அம்மா. ஆனால் நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால் விண்ணப்பக் கெடு முடிந்துவிடும். அந்த எம்பிஏ வேண்டாம்.

தானிய வர்த்தகத்தில் விலை பேசும் மேசைக்கு வருபவர்களில் பலர் கப்பல் ஏற்பாடு, ஆவணம், தரச் சோதனை என்று சரக்கை நகர்த்தும் பிரிவில் சில வருடம் உழைத்து வந்தவர்கள். பட்டம் மட்டும் அந்த நாற்காலியை வாங்கித் தராது. கடனோ தவணை கேட்டு நிற்கும். தவணைக்குப் பயந்தவள் கிடைத்த முதல் வேலையைப் பிடித்துக்கொள்வாள், பிடித்த வேலை கைநழுவிவிடும். பொறியியல், கணினி, வங்கித் தேர்வு பற்றியெல்லாம் ஏற்கெனவே நூறு பேர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிடுவோம்.

அவள் கேட்கிற வேலை என்னவென்று ஒரு கணக்கில் பாருங்கள். ஒரு முகாமில் 10,000 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,100 கிலோகலோரி. தானியம் 400 கிராம், பருப்பு 60, சத்துமாவு 50, எண்ணெய் 25, சர்க்கரை 15, உப்பு 5 என்று வைத்தால் மொத்தம் 555 கிராம். 30 நாளைக்கு 166.5 டன், பத்து டன் லாரியில் 17 நடை. வழியில் ஒரு பாலம் ஐந்து டன் சரக்கேற்றிய லாரிக்கு மேல் தாங்காது என்றால் 34 நடை. இதற்குள் வரிவிலக்குக் கடிதத்தில் பெறுநர் பெயர் தவறி எண்ணெய் மட்டும் சுங்கத்தில் நின்றுவிடும், துறைமுகத்தில் தாமதக் கட்டணம் ஏறும். மூட்டை கிழியும் என்று தெரிந்தே 2 சதவீதம் காலிச் சாக்கு கூடுதலாகக் கேட்டு வாங்க வேண்டும். எது முதலில் காலாவதியாகுமோ அது முதலில் வெளியே போக வேண்டும். மூட்டை எண்ணுவது என்று பெரியப்பா சொல்வது இதைத்தான்.

இதற்குள் யாரும் சொல்லாத ஒரு பிரிவு இருக்கிறது, கொள்முதல். வணிகவியல் படித்த பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. 5,000 டன் மக்காச்சோளம் வேண்டும் என்று சின்னச் சந்தையில் திடீரென்று இறங்கினால் விலை ஏறும், பக்கத்து ஊர் ஏழைக்கு அடுப்பு எரியாது. அதனால் இறக்குமதி செய்தால் கப்பல் வாடகை, இறக்குகூலி எல்லாம் சேர்த்து என்ன விழும் என்று கணக்குப் போட்டு உள்ளூர் விலையோடு ஒப்பிட வேண்டும். அந்த இறக்குமதி விலையும் நிலையாக நிற்காது. போருக்கு நடுவே உக்ரைன் தானியத்தை வெளியே கொண்டுவர 2022 ஜூலையில் ஒப்பந்தமான கருங்கடல் பாதை 2023 ஜூலையில் மூடுவதற்குள் ஏறக்குறைய 3.3 கோடி டன் போயிருந்தது. அப்படி ஒரு வழி அடைபட்டால் முந்தைய வாரம் போட்ட கணக்கைக் கிழித்துப் போட வேண்டியதுதான்.

அடுத்தது டெண்டர். விலை எழுதிய மூன்று உறைகள் வருகின்றன. மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை. தோற்ற இருவரும் ஜெயித்தவரைவிடச் சரியாக 4 சதவீதம், 6 சதவீதம் கூடுதல். போன முறை ஜெயித்தவர் இந்த முறை கேட்கவே இல்லை, ஆனால் ஜெயித்தவருக்குத் துணை ஒப்பந்தக்காரர். இது கூட்டுச் சதியாக இருக்கலாம் என்று மோப்பம் பிடிப்பதுதான் கொள்முதல் அலுவலரின் திறமை. பிடித்ததும் வியாபாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது, தடயம் அழிந்துவிடும். உறைகளைப் பத்திரப்படுத்திச் சட்டப் பிரிவிடம் கொடுக்க வேண்டும். சதிக்கு நாமே வழி காட்டும் தவறும் உண்டு. மூன்று வியாபாரிகள் உள்ள சந்தையில் டெண்டரை மூன்று சம பங்காகப் பிரித்தால், ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. டெண்டர் கேட்பவர்கள் அனைவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து விளக்கக் கூட்டம் போடுவதும் அப்படித்தான்.

வழி இதுதான். பட்டம் முடிந்ததும் இரண்டு வருடம் சுங்க முகவர் நிறுவனத்திலோ கிடங்கிலோ கொள்முதல் பிரிவிலோ சேரட்டும், சம்பளம் குறைவாகவே இருக்கட்டும். எக்செல் விரல் நுனியில் இருக்க வேண்டும். ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் வழிநடத்தும் லாஜிஸ்டிக்ஸ் கிளஸ்டர், அதாவது நிவாரண அமைப்புகள் சேர்ந்து சரக்கை நகர்த்தும் குழு, தந்திருக்கும் செயல்பாட்டு வழிகாட்டி இணையத்தில் இலவசம், அதை முழுக்கப் படிக்கட்டும். மூன்றாவது வருடம் வேலையில் இருந்துகொண்டே கொள்முதலுக்கு சிஐபிஎஸ், போக்குவரத்துக்கு சிஐஎல்டி என்ற தொழில்முறை அமைப்புகள் தரும் சான்றிதழ்களில் ஒன்று. கூடவே பிரெஞ்சு அல்லது அரபி. வேலை வாங்கித் தருகிறேன் என்று எவராவது பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஐ.நா. அமைப்புகள் ஆள் எடுக்கும் எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை.

கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். ஒப்பந்தம் பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருடம் என்றுதான் வரும். பண்டிகைக்கு வீட்டில் இருக்க மாட்டாள். நிதி வற்றினால் பணியிடமே போகும். அவளுக்கு இது ஒத்துவருமா என்று அவளிடம்தான் கேட்க வேண்டும், பெரியப்பாவிடம் அல்ல. பெண் என்பதற்காகத் தயங்காதீர்கள். விநியோக வரிசையில் நிற்கும் பெண்கள் குறையைச் சொல்ல ஒரு பெண் அலுவலரைத்தான் தேடுவார்கள்.

மேலே சொன்ன முகாம் கணக்கை மகளிடம் கொடுங்கள். 10,000 பேரை 14,000 ஆக்கி, பாலத்தையும் வைத்து, லாரி அட்டவணை போட்டுக்கொண்டு வரட்டும். அடுத்த சந்திப்புக்கு மதிப்பெண் பட்டியல் வேண்டாம், அந்தத் தாள் போதும். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.