வீட்டில் செய்யும் காகுனி ஏன் மெத்தென்று வருவதில்லை?

ஜப்பானிய மதுக்கடைகளான இசகாயாக்களில் கிடைக்கும் காகுனியை, அதாவது சோயா சாஸில் மெதுவாக வேகவைத்த பன்றிக்கறியை, வீட்டில் செய்தால் கறி விறைப்பாகவே இருக்கிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் சோயா சாஸை முதலிலேயே ஊற்றி, அவசரமாகக் கொதிக்க விடுவதுதான் காரணம்.

முதலில் வெறும் தண்ணீரில் வேக வேண்டும். கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக இருக்கும் வயிற்றுக்கறி ஒரு கிலோ வாங்கி, 5 செ.மீ. துண்டுகளாக்கி, எல்லாப் பக்கமும் சிவக்க வாட்டுங்கள். அப்புறம் கறி மூழ்கத் தண்ணீர், இஞ்சித் துண்டுகள், வெங்காயத்தாள் சேர்த்து, சிறுதீயில் 2 மணி நேரம். தளதளவென்று கொதிக்கவே கூடாது. ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி எழுந்தால் போதும். இப்போதுதான் கறியை விறைப்பாக வைக்கும் கொலாஜன் என்ற புரதம் மெத்தென்ற ஜெலட்டினாக மாறுகிறது. மூங்கில் குச்சி தடையில்லாமல் இறங்கினால் பதம் சரி.

முடிந்தால் ஆறவிட்டு, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் கொழுப்பு வெள்ளைத் தகடாக உறைந்திருக்கும், அப்படியே பெயர்த்து எடுத்துவிடலாம். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், சுவையே வேறாகிவிடும்.

பிறகு கறியோடு, அது வெந்த சாறு 2 கப், சாகே (ஜப்பானிய அரிசி மது) அரை கப், மிரினும் (இனிப்பான சமையல் அரிசி மது) சோயா சாஸும் கால் கப் வீதம், சர்க்கரை 2 மேசைக்கரண்டி சேர்த்து 40 நிமிடம். பேக்கிங் தாளை வட்டமாக வெட்டி, நடுவில் துளையிட்டு, கறிமேல் படும்படி மூடுங்கள். குழம்பு குறைவாக இருந்தாலும் மேல்பக்கம் வரை ஏறும்.

பரிமாறும்போது தட்டோரத்தில் கொஞ்சம் கராஷி, அதாவது ஜப்பானியக் கடுகு விழுது. தோலோடு கறி கிடைத்தால் தெற்கு ஜப்பானியத் தீவான ஒகினாவாவின் காகுனி வகையான ராஃபுதே செய்து பாருங்கள். அங்கே சாகேவுக்குப் பதில் அவாமோரி என்ற அரிசிச் சாராயம் ஊற்றுவார்கள்.