பயிற்சியில் விழும் சேர்விஸ் போட்டியில் ஏன் வலைக்குள் போகிறது?

கேள்வி: எங்கள் 16 வயதுக்குட்பட்ட பெண்கள் கரப்பந்தாட்ட அணிக்குப் பின்னேரங்களில் ஆளுக்கு 30 சேர்விஸ் தொடர்ந்து போடவைக்கிறேன். கடைசிப் பத்தும் அநேகமாகச் சரியாக விழும். வலயப் போட்டியில் அதே பிள்ளைகள் வலைக்குள் அடிக்கிறார்கள். எண்ணிக்கையைக் கூட்டவா?
– விளையாட்டு ஆசிரியை, ஒட்டுசுட்டான்

பதில்: கூட்ட வேண்டாம், ஒழுங்கைக் குலையுங்கள். முதற் பந்தில்தான் பிள்ளை எவ்வளவு உயரம் எறிவது, எங்கே அடிப்பது என்று கணக்குப் போடுகிறாள். அடுத்தடுத்த பந்துகளில் கை போனதையே திரும்பச் செய்கிறது, மூளைக்கு வேலையில்லை. போட்டியில் சுழற்சி முறையால் அவளுடைய முறை எப்போதோ ஒருக்கால்தான் வரும். விசில் ஊதி 8 செக்கனுக்குள் அடிக்கவும் வேண்டும். அங்கே ஒவ்வொன்றும் முதற் பந்துதான், அதைத்தான் நாம் பழக்குவதேயில்லை.

எவ்வளவு ஆழமாக மனம் வேலை செய்கிறதோ அவ்வளவுக்கு நினைவு நிற்கும் என்று 1972இல் உளவியலாளர்கள் கிரெய்க்கும் லொக்ஹாட்டும் எழுதியது சொற்களைப் பற்றி. விளையாட்டில் இதற்கு நெருக்கமான சோதனையை கூட் (Goode), மகில் (Magill) என்ற ஆய்வாளர்கள் 1986இல் பூப்பந்தில் செய்தார்கள். மூன்று வகை சேர்விஸை ஒவ்வொன்றாக முடித்தவர்களைவிட, மாற்றி மாற்றிப் பழகியவர்களே பின்னர் வைத்த சோதனையிலும், பழகாத பக்கத்திலிருந்து அடித்தபோதும் மேலாக நின்றார்கள்.

உங்கள் 30ஐயே இப்படிப் பிரியுங்கள். 6 பந்து கை சூடேற. மிச்சம் 24க்கும் பந்து விழவேண்டிய இடத்தை நீங்கள் கூப்பிடுங்கள்: எதிர்ப் பக்கத்தின் பின்வரிசை இடங்களான 1, 5, 6இல் ஒன்று, அல்லது 3 மீற்றர்க் கோட்டுக்குச் சற்றுப் பின்னால். ஒரே இடம் அடுத்தடுத்து வேண்டாம். இரண்டு சேர்விஸுக்கு இடையில் உள்ளே ஓடிவந்து ஒரு பந்தை எடுத்துக் கொடுக்கட்டும். பாடசாலையில் இரண்டே பந்து இருக்கிறதென்று கவலைப்படாதீர்கள், இந்த முறைக்கு அந்தக் காத்திருப்பு நல்லது.

அடித்ததும் நீங்கள் வாய் திறக்காதீர்கள். "எறிந்தது எங்கே போனது?" என்று மட்டும் கேளுங்கள். தூர முன்னால் எறிந்தால் அடிக்கும் கை தாழ்ந்து பந்து வலைக்குள் போகும், தலைக்குப் பின்னால் போனால் பந்து மேலெழும்பி எல்லைக்கு வெளியே விழும். இதை அவளே கண்டுபிடிக்கவேண்டும். மூன்று பந்துக்கு ஒருமுறை நீங்கள் திருத்தினால் போதும். ஒவ்வொன்றுக்கும் திருத்தினால் அவள் உங்களை நம்பி நிற்பாள், போட்டியில் நீங்கள் பக்கத்தில் நிற்கப்போவதில்லை. வெளி மைதானம் என்றால் சோளகக் காற்றுக்கு இரண்டு பக்கமும் நின்று பழகுங்கள், ஒவ்வொரு செற்றுக்கும் பக்கம் மாறுமே.

முதல் இரண்டு கிழமை பிழை கூடும். பார்க்கிறவர்கள் பயிற்சி கெட்டுவிட்டதென்பார்கள், பெற்றோரும் சேர்ந்து சொல்லக்கூடும். அன்றைய பயிற்சியின் கடைசிப் பத்தை எண்ணாதீர்கள். அடுத்த பயிற்சி நாளில், ஒத்திகைச் சேர்விஸ் இல்லாமல் போடும் முதல் 5ஐ எழுதிவையுங்கள், கற்றது எவ்வளவென்று அதில்தான் தெரியும். ஒன்று மட்டும்: பந்தை நேராக எறியவே தெரியாத புதுப்பிள்ளைக்கு இது வேண்டாம். பத்தில் ஆறு பந்தாவது வலையைத் தாண்டும்வரை அவள் ஒரே இடத்துக்கே அடிக்கட்டும்.

கேள்வி: சேர்விஸ் படிமுறைகளைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்கக் கொடுக்கலாமா?
– பயிற்றுநர், மல்லாவி

பதில்: எழுத்துப் பரீட்சைக்கு உதவும். மைதானத்தில் வேறு கதை. எந்த வேலைக்காகப் பழகினோமோ அந்த வேலைக்குத்தான் நினைவு கைகொடுக்கும். விதிகளைத் தலையில் நிறைத்தவர்கள் நெருக்கடியில் கையைக் கவனிக்கத் தொடங்கித் தடுமாறுவதும் உண்டு. கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தள்ளும் பயிற்சியில் மாஸ்டர்ஸ் என்ற ஆய்வாளர் 1992இல் அதைக் காட்டினார். யோசிப்பதெல்லாம் விசிலுக்கு முன் முடியட்டும். பந்தை எறிந்தபின் விழவேண்டிய இடம் ஒன்றே மனதில் நிற்கட்டும்.