ரீகான் டீம்ல போட்டிருக்காங்க, மாத்திக் கேக்கலாமா அக்கா?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சேலம் அம்மாபேட்டை. கருப்பூர் பக்கம் ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாவது வருஷம். பெங்களூர்ல ஒரு பெரிய பேங்க்கோட டெக்னாலஜி ஆபீஸ்ல 10 வாரம் இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு, எங்க கிளாஸ்ல ரெண்டே பேருக்குத்தான் கிடைச்சுது. அப்பா தறி ஓட்றவர். தெருவுல எல்லார்கிட்டயும் பாப்பா பேங்க் வேலைக்கு போகுதுன்னு சொல்லிட்டிருக்கார்.

போன வாரம் மெயில் வந்துச்சு. என்கூட செலக்ட் ஆன பையனுக்கு ஏஐ டீம், எனக்கு பேமென்ட்ஸ் ரீகன்சிலியேஷன், சுருக்கமா ரீகான். தேடிப் பார்த்தா கணக்கு சரிபார்க்கிற வேலைன்னு வருது. சீனியர் அண்ணா ஒருத்தர் "அது பழைய ஃபைல் வேலை, போன உடனே டீம் மாத்திக் கேளு"ங்கிறார். கேக்கலாமா? இன்னொண்ணு, எனக்கு இங்கிலீஷ் எழுத வரும், மீட்டிங்ல பேச வராது. நீங்க பேங்க் டெக்னாலஜில இருந்ததா முன்னாடி எழுதியிருந்தீங்க, அதான் உங்ககிட்ட கேக்குறேன். பேர் போட வேண்டாம்.

---

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாத்திக் கேக்காத. உன் கடிதத்துல ரீகன்சிலியேஷன்னு பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

எங்க அப்பா செவ்வாய்ப்பேட்டைல ஒரு வெல்ல மண்டில கணக்கு எழுதினவர். ராத்திரி கடை சாத்தின அப்புறம் சிட்டையையும் பேரேட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பெட்டில இருக்கிற காசோட சேர்த்து ஒத்துப் பார்ப்பார், எட்டணா இடிச்சாலும் வீட்டுக்கு வரமாட்டார். நாங்க சாப்பிட்டு தூங்கிடுவோம், அவர் வர்றப்போ மணி 11 ஆயிருக்கும். எட்டணா தானேப்பா கைல இருந்து போட்டுட்டு வரலாம்லன்னு ஒரு தடவை கேட்டேன். எட்டணா போறது பெருசில்ல கண்ணு, அது எந்த வழியா போச்சுன்னு தெரியாம இருக்குதே அதுதான் பெருசுன்னார்.

நீ போற டீம் அதே வேலையைத்தான் செய்யுது. ஒருத்தர் ஏடிஎம்ல 2000 ரூபாய் எடுக்கிறார்னு வை, மிஷின் ஒரு பதிவு வெச்சிருக்கும், எல்லா அக்கவுண்ட்டும் இருக்கிற பேங்க்கோட கோர் சிஸ்டம் ஒரு பதிவு வெச்சிருக்கும், வேற பேங்க் கார்டா இருந்தா நடுவுல இருக்கிற நெட்வொர்க், எந்த பேங்க் எந்த பேங்க்குக்கு எவ்வளவு தரணும்னு ஒரு செட்டில்மென்ட் ஃபைல் அனுப்பும். மூணும் ஒண்ணையே சொல்லணும். சொல்லலைன்னா அதுக்கு அங்க பிரேக்னு பேரு. காசு வெளிய வரல ஆனா அக்கவுண்ட்ல கழிஞ்சிடுச்சுன்னு நம்ம ஜனங்க பேங்க் வாசல்ல நிக்கிறாங்களே, அந்த ஒவ்வொண்ணும் உன் டீம்ல ஒரு பிரேக். ரிசர்வ் பேங்க் 2019ல ஒரு சுத்தறிக்கை போட்டுச்சு, ஏடிஎம்ல அப்படி ஆனா 5 நாளுக்குள்ள பணத்தை தானாவே திருப்பிப் போடணும், தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்கு கொடுக்கணும். அந்த 5 நாளை எண்ணுற கோட் யாரோ எழுதினது தான். அதுல தேதி ஒண்ணு தப்பா போனா அம்மாபேட்டைல ஒரு வீட்ல அந்த வாரம் மளிகை வாங்க முடியாது. இதை பழைய ஃபைல் வேலைன்னு உங்க சீனியர் சொன்னது எனக்கு வருத்தமா இருக்கு.

பெரும்பாலான பிரேக்ல திருட்டு இருக்காது, நேரந்தான் இருக்கும். ராத்திரி 11:59க்கு போன பேமென்ட் ஒரு சிஸ்டத்துல இன்னைக்கு தேதி, இன்னொண்ணுல நாளைக்கு தேதி. யுபிஐ ராத்திரி பகல் பார்க்காம ஓடுது, நெஃப்ட் 2019 டிசம்பர்ல இருந்து 24 மணி நேரமும் ஓடுது, கடை சாத்தவே சாத்தாத மண்டிக்கு கணக்கு முடிக்கிறது எப்படின்னு யோசிச்சுப் பாரு, அந்தக் கஷ்டம் தான் அங்க தினமும். அப்புறம் ரெஃபரன்ஸ் நம்பர், 12 இலக்கம் இருக்கும், முன்னாடி 0 வந்தா எக்செல்ல திறந்த உடனே அந்த 0 காணாமப் போயிடும், ரெண்டு பக்கமும் நம்பர் ஒத்துவராம அரை நாள் போகும். நம்பர் மாதிரி தெரியறதை எல்லாம் நம்பரா வெக்காத, எழுத்தா வை. பணத்தை ஃப்ளோட்ல, அதாவது கம்ப்யூட்டர் தோராயமா வெக்கிற தசம எண்ணுல, வெக்கவே வெக்காத. பைதான்ல 0.1 + 0.2 போட்டுப் பாரு, 0.30000000000000004ன்னு வரும். பைசாவா மாத்தி முழு எண்ணா வை, இல்ல தசமத்தை அப்படியே வெக்கிற டெசிமல் டைப் எடு.

நான் சேர்ந்த புதுசுல ஒரு ஜாப், அதாவது என்ட்ரி போடற புரோகிராம், நடுவுல டைம் அவுட் ஆயிடுச்சுன்னு திரும்ப ஓட்டிட்டேன், முதல் தடவையே அது உள்ள முடிச்சிருந்துச்சு, பதில்தான் வந்து சேரல. எல்லா என்ட்ரியும் ரெட்டிப்பு. டெஸ்ட் சிஸ்டம், அதனால யாருக்கும் நஷ்டமில்ல. எங்க டீம் லீட் திட்டல, ஸ்கிரீனை என் பக்கம் திருப்பி, இது ரெண்டாவது தடவை ஓடினா என்ன ஆகணும்னு நீ எழுதியிருக்கியான்னு மட்டும் கேட்டார். நான் எழுதல. இப்ப வரைக்கும் எந்த கோட் பார்த்தாலும் எனக்கு முதல்ல வர்ற கேள்வி அதான். பதில் வரலைங்கிறதும் வேலை நடக்கலைங்கிறதும் வேற வேற.

முதல் வாரம் ஒண்ணுமே நடக்காது, பயப்படாத. லேப்டாப் வரும், ஆக்ஸஸ் வராது. ஒரு வரி மாத்தணும்னாலும் நீ போட்டதை இன்னொருத்தர் பார்த்து ஓகே பண்ணணும், மேக்கர் செக்கர்ம்பாங்க. எரிச்சலா வரும். அப்ப 2016 பிப்ரவரில பங்களாதேஷ் மத்திய வங்கில நடந்ததை நினைச்சுக்கோ. திருடங்க உள்ள புகுந்து பேங்க்குங்க நாடு விட்டு நாடு பணம் அனுப்பச் சொல்ற ஸ்விஃப்ட் மெசேஜ் மூலமா கிட்டத்தட்ட 95 கோடி டாலர் கேட்டாங்க, 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸ் போயே போச்சு. ஸ்விஃப்ட் பதிவுகளை தானா அடிச்சுத் தர்ற பிரிண்டர் அன்னைக்கு வேலை செய்யல, சும்மா பிரிண்டர் கோளாறுன்னு விட்டுட்டாங்க, அதனால அந்த நாள் கணக்கை உடனே ஒத்துப் பார்க்க முடியல. இலங்கைக்குப் போக வேண்டிய 2 கோடி டாலர் நின்னது, வாங்குறவங்க பெயர்ல ஃபவுண்டேஷன்ங்கிற வார்த்தையை தப்பா அடிச்சிருந்தது ஒருத்தர் கண்ல பட்டதால.

மீட்டிங் விஷயம். முதல்ல ஒரே ஒரு கேள்வியை மட்டும் இங்கிலீஷ்ல நல்லா பழகிக்கோ: இந்தப் பணம் இந்த நிமிஷம் எங்க இருக்கு? எந்த மீட்டிங்லயும் அதைக் கேக்கலாம், பல தடவை பெரியவங்களே நின்னு யோசிப்பாங்க. மத்ததை மீட்டிங் முடிஞ்சதும் எழுதி அனுப்பு, உனக்கு எழுத வருதுல்ல. பெங்களூர்ல பக்கத்து சீட்ல தமிழோ தெலுங்கோ கன்னடமோ பேசறவங்க தான் இருப்பாங்க, அவங்களும் இந்தப் பயத்தோட வந்தவங்க தான்.

ஒண்ணே ஒண்ணு கண்டிப்பா சொல்றேன். ஆபீஸ் புரோகிராமையோ டேட்டாவையோ சொந்த மெயிலுக்கு அனுப்பாத, பேங்க் அனுமதிக்காத எந்த ஏஐலயும் ஒட்டாத, ஸ்கிரீனை போட்டோ எடுத்து வீட்டுக்குக் காட்டணும்னு ஆசை வந்தாலும் எடுக்காத. இன்டர்ன்ஷிப் அன்னைக்கே முடிஞ்சிடும்.

ஏஐ டீம் பையனை நினைச்சு ஏங்காத, அவனோட மாடலுக்கும் சுத்தமான டேட்டா வேணும், அதை சுத்தம் பண்றது உன் டீம் மாதிரி ஆளுங்க தான். 3 வாரம் இரு. அதுக்கப்புறமும் உனக்கு ஒண்ணுமே கத்துத் தரலைன்னா, நீ எழுதின கோட் எதையும் யாரும் உக்காந்து பார்க்கலைன்னா, அப்ப மேனேஜர்கிட்ட பேசு, அதுல தப்பே இல்ல.

பெங்களூர் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டு வீட்டுக்கு வா. எங்க அப்பாவோட பேரேடு ஒண்ணு பரண்ல இருக்கு, இறக்கி வெக்கிறேன். உன் வேலை என்னன்னு உங்க அப்பாவுக்கு அதை வெச்சே காட்டிடலாம்.

அன்புடன்,
அக்கா