ஒரு மதம் மட்டும் எல்லோருக்குமான முழு உண்மை என்று சொல்ல முடியுமா?

சொல்லலாம், சொல்லிக்கொண்டும் இருக்கிறார்கள். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்கள் வீட்டில் யாரோ மதம் மாறியிருக்கிறார்கள், அதனால் பேச்சுவார்த்தை குறைந்திருக்கிறது என்று படுகிறது. எங்கள் வீட்டிலும் அது நடந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

"எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கின்றன" என்று யாராவது சமாதானம் சொல்ல வந்தால் நம்பாதீர்கள். செத்தபின் உயிர் மறுபடி பிறக்கும் என்கிறது சைவம். ஒரே பிறப்பு, பிறகு நியாயத்தீர்ப்பு என்கின்றன கிறிஸ்தவமும் இஸ்லாமும். நிலையான ஆன்மாவே கிடையாது என்கிறது பௌத்தம். இவ்வளவும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க வழியில்லை.

வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், மட்டும்தான் இப்படி உரிமை கோருகிறார்கள் என்று எங்கள் ஆட்கள் நினைப்பதும் பிழை. (நானும் சைவக்காரன்தான், திட்ட வராதீர்கள்.) பூசை முடியத் தினமும் நாங்கள் பாடுவது "மேன்மைகொள் சைவநீதி விளங்குக உலகமெல்லாம்" என்றுதானே? இலங்கையின் வடக்கில் இருக்கிற எங்கள் வன்னி மட்டும் விளங்குக என்று பாடுவதில்லை. சைவ சித்தாந்தமும் மற்றச் சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என்று படிப்படியாக அடுக்கித் தன்னை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறது. எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாலும் அந்தத் தெய்வமாக வருகிறவர் சிவனே என்று பாடியவரும் அதே சித்தாந்தத்து அருணந்தி சிவாசாரியார்தான். பெரிய மனசுதான். ஆனால் மடுக் கோயிலில் மரியன்னையான மடுமாதாவிடம் அழுகிற ஒரு தாயிடம் "நீ கும்பிடுவது எங்கள் சிவனை" என்று சொன்னால் அவளுக்கு எப்படி இருக்கும்? கத்தோலிக்கத் திருச்சபையும் 1965இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், மற்ற மதங்களில் உள்ள உண்மையும் புனிதமுமான எதையும் தள்ளுவதில்லை என்று அறிவித்தது. கிறிஸ்துவே வழி என்பதை மட்டும் அது விடவில்லை.

சரி, எங்கள் வீட்டுக் கதை.

எங்கள் ஊர் முள்ளியவளைப் பக்கம். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், ஆவணியில் மடுத் திருவிழா, இரண்டுக்கும் போகிற குடும்பம். விஷக்கடிக்கு நல்லது என்று மடுவில் இருந்து கொண்டுவந்த மண்ணை அம்மா ஒரு சின்னப் போத்தலில் போட்டு, சாமித்தட்டில் திருநீற்றுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். அதை ஒருவரும் கேள்வி கேட்டதில்லை.

2009இல் போரில் அண்ணாவின் மகன் ஷெல் விழுந்து போய்விட்டான். ஒன்பது வயது. அதன் பிறகு இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் அண்ணி மாதக்கணக்காக வாய் திறக்கவில்லை. அப்போது வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு கிறிஸ்தவ சபைக்காரர்கள். ஊர் திரும்பியதும் அண்ணா ஞானஸ்நானம் எடுத்தார். "துன்பத்தைப் பயன்படுத்தி மாற்றுகிறார்கள்" என்று நான் அன்று கத்தினேன். அப்படிச் செய்கிறவர்கள் இல்லை என்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் கோயிலில் இருந்து அண்ணியைப் பார்க்க யார் வந்தார்கள்? வெளிநாட்டுக் காசில் கோபுரம் எழுந்தது, எந்த நாள் திருவிழாவை ஏற்றுச் செய்யும் உபயம் யாருக்கு என்று நீதிமன்றம் வரை போனார்கள், பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கலங்கல் கிணற்றில்தான் தண்ணீர் குடித்தார்கள். இதைக் கேட்டதற்கு என்னை நிர்வாகக் கூட்டத்தை விட்டே எழுப்பி அனுப்பினார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2016இல் அப்பா காலமானார். அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவர் மூத்த மகன். அண்ணா மாட்டேன் என்றுவிட்டார். அவருடைய பிள்ளைகளைப் பந்தம் பிடிக்கவும் விடவில்லை. செத்தவீட்டுச் சடங்கில் சுண்ணம் இடிக்கிற சத்தத்துக்கு நடுவே நான் அவரை வளவின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். "உண்மை இரண்டாக இருக்க ஏலாது தம்பி. நம்பாததைச் செய்தால் அது அப்பாவுக்கு நடிக்கிறது" என்றார். கொள்ளிக்குடத்தை நான் தூக்கினேன். ஒரு வருசம் அவரோடு கதைக்கவில்லை.

அந்த ஒரு வருசத்தில்தான் வேறொன்று அடிக்கடி நினைவுக்கு வந்தது. சாவதற்கு முன் அப்பா பாரிசவாதத்தில் (பக்கவாதம்) பதினொரு மாதம் படுக்கையில் கிடந்தார், வலது கை எழாது. தூக்கிக் குளிப்பாட்டியது அண்ணாதான். துடைத்து முடிந்ததும் அப்பா திருநீற்று மடலைப் பார்ப்பார். அண்ணா மூன்று விரலால் எடுத்து, கண்ணில் கொட்டாமல் மற்றக் கையை அணைபிடித்து, நெற்றியில் மூன்று குறியும் இழுத்துவிடுவார். பிழையானது என்று தான் உறுதியாக நம்பிய ஒன்றை, காலை தவறாமல்.

அதனால் என் பதில் இது. தன் மதம் எல்லோருக்குமான உண்மை என்று ஒருவர் நம்பலாம், வாய்விட்டும் சொல்லலாம். அண்ணா இன்றும் அதைத்தான் சொல்கிறார், அது என்னை உறுத்துவதில்லை. அந்த நம்பிக்கைக்குப் பின்னால் அதிகாரம் வந்து நிற்கும்போதுதான் பயப்படுகிறேன். இலங்கையின் 1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. 2019இல் முல்லைத்தீவு நீராவியடிப் பிள்ளையார் கோயிலருகே, நீதிமன்றக் கட்டளையையும் மீறி ஒரு பௌத்த பிக்குவின் உடலை எரித்தார்கள். புத்தர் சொன்னது உண்மையா என்பது அங்கே யாருக்கும் கேள்வியாக இருக்கவில்லை. பௌத்தரை எல்லாம் குற்றம் சொல்கிறேன் என்று இதைத் திருப்ப வேண்டாம். நாளைக்கு எங்கள் கையில் அதிகாரம் வந்தாலும் எனக்கு இதே பயம்தான்.

அப்பாவின் திவசத்துக்கு அண்ணா இப்போது வருகிறார். படையல் முடிந்த பிறகுதான் படலையைத் திறப்பார். படைத்த சோற்றை அவர் சாப்பிடமாட்டார் என்பதால், என் மனைவி விடியவே அவருக்கென்று தனி உலை வைப்பாள். அப்பாவுக்குப் பிடித்த முருங்கைக்காய்க் குழம்பு இரண்டு சட்டியிலும் இருக்கும்.