ஒரே செட்டில் 22 நிமிடம் போனதா, தம்பி?

கேட் (CAT) மாக் டெஸ்டில், அதாவது மாதிரித் தேர்வில், ஒரு செட்டோடு (ஒரே தகவலை வைத்து வரும் கேள்விக் கூட்டம்) 22 நிமிடம் மல்லுக்கட்டியும் விடை வரவில்லை, 'எனக்கு லாஜிக்கே வராது போல' என்று எழுதியிருந்தீர்கள். லாஜிக் வராமல் இல்லை. சிக்கிய செட்டை விட்டு எழுந்து வரத்தான் தெரியவில்லை.

ஐஐஎம்களில் எம்பிஏ சேர எழுதும் இந்த கேட் தேர்வில், தரவு அலசலும் லாஜிக் புதிர்களும் வரும் டிஐஎல்ஆர் பகுதிக்கு 40 நிமிடம். முடிந்ததும் திரை தானாகக் கணக்குப் பகுதிக்குப் போய்விடும், திரும்பி வர வழியில்லை. 2023இல் நான்கு செட், 20 கேள்வி. 2024இல் ஐந்து செட், 22 கேள்வி. எல்லாவற்றையும் போட்டாக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒன்றைத் தொடாமல் விட்டால் மதிப்பெண் குறையாது. ஆப்ஷன் உள்ள கேள்வியில் தப்பாகக் குறித்தால்தான் 1 போகும். விடையை நாமே டைப் செய்யும் கேள்விக்கு அந்தப் பயமும் இல்லை.

அதனால் முதல் ஐந்து நிமிடம் பேனாவைத் தொடாதீர்கள். எல்லா செட்டையும் படியுங்கள். எதில் அசையாத குறிப்பு, அதாவது ஒருவரின் இடத்தை நேராகச் சொல்லிவிடும் குறிப்பு இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

ஒரு சின்ன உதாரணம். ரேஷன் கடை வரிசையில் ஐந்து பேர்: குமார், ரவி, மீனா, ஜெயா, சலீம். குமாருக்கு இரண்டு இடம் தள்ளிப் பின்னால் ரவி. மீனா கடைசியில் இல்லை. சலீம் மூன்றாவது. முதல் குறிப்பிலேயே ஆரம்பித்தால் 1-3, 2-4, 3-5 என்று மூன்று படம் வரைய வேண்டும். சலீமை முதலில் உட்கார வைத்துவிட்டால் இரண்டு படம் அங்கேயே அடிபடும். குமார் 2, ரவி 4. மிச்சம் முதல் இடமும் கடைசி இடமும். மீனா முன்னால், ஜெயா பின்னால். அவ்வளவுதான். குறிப்புகளை அவர்கள் கொடுத்த வரிசையில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எட்டு நிமிடம் ஆகியும் கட்டம் பாதிகூட நிரம்பவில்லையா? விட்டுவிடுங்கள். 'இவ்வளவு நேரம் போட்டாச்சே' என்ற நினைப்புதான் ஆளைக் கவிழ்க்கும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், ரோஷம் விடாது.

அப்புறம், அப்பா வாங்கி வந்த சுடோகு புத்தகங்கள் இருக்கட்டும், பொழுதுபோக்குக்கு. பயிற்சிக்குப் பழைய கேட் தாள்களே போதும். அந்த 22 நிமிட செட்டை நாளை கடிகாரம் இல்லாமல் மறுபடி போட்டுப் பாருங்கள். எந்தக் குறிப்பில் சிக்கினீர்கள் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.